ஸ்வீடன் 1986: பட்டியலில் எதை எழுதலாம், எதை விடலாம்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு பட்டியல்தான்: 1986ஆம் ஆண்டில் ஸ்வீடனில் நடந்த முக்கிய நிகழ்வுகளும் மறைவுகளும். கேள்வியின் பிற்பாதியைப் படித்தால்தான் உங்கள் தலைவலி எதுவென்று புரிகிறது. பிரதமர் ஓலோஃப் பால்மே இறந்த நாள் பிப்ரவரி 28 என்று ஓரிடத்திலும் மார்ச் 1 என்று இன்னோரிடத்திலும் பார்த்திருக்கிறீர்கள். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை என்கிறது ஒரு பழைய பொது அறிவுப் புத்தகம். ஆளே அகப்படவில்லை என்கிறது மற்றொன்று. 2020இல் கண்டுபிடித்தாயிற்று என்கிறது ஒரு காணொளி. ‘மூன்றில் எதை எழுதுவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு தமிழ் நாளிதழின் ஆண்டு மலர்ப் பிரிவில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டியவன். ஸ்வீடிய மொழி தெரியாது, அந்த நாட்டுக்குப் போனதும் இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பட்டியல்கள் எங்கே வழுக்கும் என்பது கொஞ்சம் தெரியும். நானே வழுக்கி விழுந்திருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் தேதி. பால்மேயைச் சுட்டது 1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை இரவு 11.21 மணிக்கு. ஸ்டாக்ஹோமின் ஸ்வேயாவேகன் என்ற பெரிய சாலையில், துன்னல்காத்தன் என்ற சிறிய தெரு வந்து சேரும் முனையில். சப்பாட்ஸ்பெர்க் மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது நள்ளிரவு தாண்டி 12.06க்கு. ஆக, சுடப்பட்டது பிப்ரவரி 28, இறந்ததாக மருத்துவர்கள் எழுதிய நேரம் மார்ச் 1. இரண்டு பட்டியலும் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான நூல்கள் கொலை நடந்த நாளையே எடுத்துக்கொள்கின்றன, நானும் அப்படித்தான் செய்வேன், அடைப்புக்குறிக்குள் மற்றதையும் போட்டுவிடுவேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு குழப்பம் உண்டு. ஸ்டாக்ஹோமில் இரவு 11.21 என்றால் இங்கே விடியற்காலை 3.51. இந்திய நேரப்படி குண்டு பாய்ந்ததே மார்ச் 1தான். அன்றைய காலைப் பேப்பர் அச்சாகி வண்டியேறிய பிறகு டெலிபிரின்டரில் வந்த செய்தி அது. அதனால் மார்ச் 2 பத்திரிகையை வைத்துத் தேதி எண்ணியவர்கள் ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

நடந்தது என்ன என்பதில் உறுதியான பகுதி இது. பால்மே அன்று நண்பகல் வாக்கில் தன் பாதுகாவலர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். படம் பார்க்கப் போகலாம் என்பது மாலையில்தான் முடிவானது. மனைவி லிஸ்பெத்தும் அவரும் மெட்ரோ ரயிலில் போய் இறங்கி, மகனையும் மகனின் தோழியையும் கிராண்ட் தியேட்டரில் சந்தித்து, படம் முடிந்ததும் இருவர் மட்டும் நடந்து திரும்பினார்கள். பின்னாலிருந்து வந்தவன் மிக அருகில் நின்று முதுகில் சுட்டான். இரண்டாவது குண்டு லிஸ்பெத்தை உரசிக்கொண்டு போனது. சுட்டவன் துன்னல்காத்தன் வழியாக ஓடி, கோடியில் இருக்கும் படிக்கட்டில் ஏறி மறைந்தான். ஒரு நாட்டின் பிரதமர் டிக்கெட் வாங்கிக்கொண்டு மெட்ரோவில் போவதா என்று இங்கே அப்போது ஆச்சரியப்பட்டார்கள். அங்கே அப்போது அது வழக்கமாக இருந்தது.

அடுத்து போலீஸ் சொதப்பியது. இதிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. கயிறு கட்டித் தடுத்த இடம் மிகச் சிறியது. மக்கள் ரத்தக்கறைக்குப் பக்கத்திலேயே ரோஜாப் பூக்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாய்ந்த இரண்டு தோட்டாக்களில் ஒன்றைக்கூடப் போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. இரண்டையும் எடுத்துக் கொடுத்தது அவ்வழியே போன பொதுமக்கள். முதல் தோட்டாவை மறுநாள் காலையில் நடைபாதையில் பார்த்து எடுத்தவர், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அங்கே வசித்த ஓர் இந்தியப் பத்திரிகையாளர். தோட்டாக்கள் .357 மேக்னம் வகை. துப்பாக்கி இன்றுவரை கிடைக்கவில்லை. பின்னால் வந்த அத்தனை குழப்பத்துக்கும் பாதிக் காரணம் அந்த முதல் சில மணி நேரங்கள்தான் என்பது என் எண்ணம்.

இனி ‘யார்’ என்ற கேள்வி. விசாரணையை முதலில் நடத்திய ஸ்டாக்ஹோம் போலீஸ் தலைவர் ஹான்ஸ் ஹோல்மேர், குர்திஷ் அமைப்பான பிகேகே மீது கண் வைத்து ஒரு வருடத்தைச் செலவழித்தார். 1987 ஜனவரியில் பல குர்துகளைப் பிடித்தார்கள், உடனே விட்டுவிட வேண்டியிருந்தது. ஹோல்மேரும் விலகினார். 1988இல் நீதி அமைச்சர் அன்னா-கிரேத்தா லேயோனே பதவி விலக நேர்ந்தது, தனியாள் ஒருவர் ரகசியமாக நடத்திய இணை விசாரணைக்கு அவர் ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தது வெளிவந்ததால். அந்த ஆண்டு டிசம்பரில் கிறிஸ்தர் பெத்தர்சன் என்பவரைக் கைது செய்தார்கள். குடி, போதை, பழைய கொலை வழக்கு என்று எல்லாம் உள்ள ஆள். லிஸ்பெத் அவரை அடையாளம் காட்டினார். 1989 ஜூலையில் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

இங்கேதான் நான் விழுந்தேன். 1990ஆம் ஆண்டு மலருக்கான பக்கங்களை முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். ‘பால்மே கொலையாளிக்கு ஆயுள்’ என்று மூன்று வரி எழுதி அச்சுக்கு அனுப்பினேன். அதே இலையுதிர் காலத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெத்தர்சனை விடுதலை செய்துவிட்டது. மலர் கடைக்கு வந்தபோது என் வரி பொய்யாகியிருந்தது. உங்கள் கையில் இருக்கும் பழைய பொது அறிவுப் புத்தகம் எங்கள் மலரைப் பார்த்து எழுதியதாகக்கூட இருக்கலாம், மன்னியுங்கள். நான் தீர்ப்பை ஒழுங்காகப் படித்திருந்தால் அப்போதே எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். கீழ் நீதிமன்றத்தில் சட்டம் படித்த நீதிபதிகள் இருவரும் விடுதலை என்றார்கள். பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படும் நியமன உறுப்பினர்கள் ஆறு பேரும் குற்றவாளி என்றார்கள். எண்ணிக்கையில் தண்டனை வென்றது. அதோடு, அடையாள அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபர் குடிகாரர் என்று லிஸ்பெத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த அடையாளம் மேல் நீதிமன்றத்தில் நிற்காததில் வியப்பில்லை. பெத்தர்சன் 2004இல் இறந்தார். சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமற்றவர், அப்படித்தான் எழுத வேண்டும்.

2020 விஷயம் இன்னும் நுட்பமானது. அந்த ஆண்டு ஜூன் 10 அன்று தலைமை வழக்கறிஞர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கொலை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு வரைகலைஞரைச் சுற்றியே சந்தேகம் நிற்கிறது என்றார். அவர் 2000ஆம் ஆண்டிலேயே இறந்துபோனவர், இறந்தவர் மேல் வழக்குத் தொடுக்க முடியாது, ஆகவே கோப்பை மூடுகிறேன் என்றார். துப்பாக்கி இல்லை, மரபணு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, எதிர்வாதம் கேட்க நீதிமன்றமும் இல்லை. ஸ்வீடனிலேயே இதற்குக் கடுமையான விமர்சனம் வந்தது. இதைக் ‘கண்டுபிடித்தாயிற்று’ என்று எழுதுவது தவறு. ‘2020இல் அரசு வழக்கறிஞர் இறந்துபோன ஒருவரைச் சந்தேக நபராகக் குறிப்பிட்டு விசாரணையை முடித்தார்’ என்று எழுதுங்கள், போதும். அவர் பெயரை நான் வேண்டுமென்றே இங்கே போடவில்லை. குற்றவாளிக் கூண்டில் ஒரு நாள்கூட நிற்காத மனிதர், பதில் சொல்லவும் உயிரோடு இல்லை.

தென்னாப்பிரிக்க உளவுத்துறை, சிலி, பால்மேயை வெறுத்த வலதுசாரிப் போலீஸ்காரர்கள், ஆயுத வியாபாரிகள் என்று மற்ற கதைகள் ஏராளம். கொலைக்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 21 அன்று, ஸ்டாக்ஹோமில் நடந்த நிறவெறி எதிர்ப்பு மாநாட்டில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஒலிவர் தம்போவும் கலந்துகொள்ள, பால்மே காரமாகப் பேசினார் என்பது உண்மை. அதிலிருந்து கொலைக்குப் பாலம் போட யாராலும் முடியவில்லை என்பதும் உண்மை. ‘நான்தான் சுட்டேன்’ என்று தானாக வந்து சொன்னவர்களே 130 பேருக்கு மேல். இந்தப் பக்கம் போகாதீர்கள், திரும்பி வர வழி கிடைக்காது.

அரசியல் பக்கம் சுருக்கமாக: துணைப் பிரதமர் இங்வார் கார்ல்சன் அன்றிரவே பொறுப்பேற்றார், நாடாளுமன்றம் அவரை முறைப்படி பிரதமராகத் தேர்ந்தெடுத்தது மார்ச் 12. இறுதி ஊர்வலம் மார்ச் 15. கொலை நடந்த இடத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் அடால்ஃப் ஃபிரெட்ரிக் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். கொலையாளி ஓடிய தெருவின் ஒரு பகுதிக்கு இப்போது பால்மேயின் பெயர். அப்புறம் ஒரு பொருத்தம். இலக்கிய நோபலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஸ்வீடிய அகாடமிக்கு 1986 200வது ஆண்டு. அதை 1786இல் நிறுவிய மன்னர் மூன்றாம் குஸ்தாவும் ஸ்டாக்ஹோமில் சுடப்பட்டவர்தான், 1792 மார்ச் 16 அன்று, முகமூடி விருந்தில். இறந்தது 13 நாள் கழித்து, மார்ச் 29. அங்கேயும் உங்களைப் போல ஒருவர் எந்தத் தேதி என்று கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கொலையாளியை மறுநாளே பிடித்துவிட்டார்கள்.

பால்மேக்கு நான்கு வாரம் முன்பு, பிப்ரவரி 1 அன்று இறந்தவர் அல்வா மிர்தால். பெரும்பாலான பட்டியல்களில் பால்மேயின் நிழலில் ஒரு வரியாக ஒதுங்கிவிடுகிறார், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1902 ஜனவரி 31 அன்று பிறந்தவர், 84 முடிந்த மறுநாள் போனார். ஜெனீவா ஆயுதக் குறைப்புப் பேச்சுகளில் பதினோரு ஆண்டுகள் ஸ்வீடன் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1982இல் மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸுடன் அமைதி நோபலைப் பகிர்ந்துகொண்டார். நம் பக்கத்து உறவும் உண்டு: 1955இலிருந்து 1961 வரை டெல்லியில் ஸ்வீடன் தூதராக இருந்தவர், பர்மாவும் இலங்கையும்கூட அவர் பொறுப்பில் இருந்தன. அவர் கணவர் குன்னார் மிர்தால் பொருளாதார நோபல் பெற்றவர், தெற்காசிய வறுமையைப் பற்றி மூன்று தொகுதி எழுதியவர். அவர் மறைந்தது 1987 மே மாதம். சில பட்டியல்கள் இருவரையும் ஒரே ஆண்டில் சேர்த்துவிடுகின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்திய வாசகருக்கான பட்டியலில் விடவே கூடாதது. பால்மேயும் ராஜீவ் காந்தியும் அணு ஆயுதக் குறைப்புக்கான ஆறு நாட்டுக் கூட்டணியில் தோழர்கள். 1985 ஜனவரியில் டெல்லிப் பிரகடனம் வந்தது அந்தக் கூட்டணியிலிருந்து. பால்மேயின் இறுதிச் சடங்குக்கு ராஜீவ் ஸ்டாக்ஹோம் போனார். அது நடந்து ஒன்பதே நாளில், மார்ச் 24 அன்று, இந்திய அரசு ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்துடன் சுமார் 400 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது, மதிப்பு 1,437 கோடி ரூபாய். ஆயுதக் குறைப்பைப் பேசிய பால்மே இந்த விற்பனை தன் நாட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று முயன்றவரும்கூட. போபர்ஸ் இருப்பது கார்ல்ஸ்கூகா என்ற ஊரில். அந்த ஆலையை 1894இல் வாங்கி நடத்தியவர் ஆல்ஃபிரெட் நோபல். அல்வா மிர்தாலின் பரிசுக்குப் பெயர் கொடுத்த அதே நோபல். இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

1986 மலரில் இந்த ஒப்பந்தம் எங்களுக்கு ஒரு சின்னச் செய்தி. 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி லஞ்சம் கைமாறியது என்று சொன்ன பிறகுதான் அதன் எடை தெரிந்தது. அதன் ஆவணங்கள் 1988இல் சென்னையிலிருந்து வெளிவரும் தி ஹிந்துவில் சித்ரா சுப்ரமணியம், என். ராம் இருவரின் பெயரில் வரத் தொடங்கியபோது மவுண்ட் ரோட்டில் காலையில் பேப்பர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. இதில் உறுதியானது: இடைத்தரகர்களுக்குப் பணம் போனது. ராஜீவ் பணம் வாங்கினார் என்பது நிறுவப்படவில்லை. 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. ஆவணங்களைக் கசியவிட்ட ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்த்ரோம் 2012இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்டபோது, ராஜீவ் பணம் பெற்றதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் மூடிமறைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று சொன்னார். பால்மே கொலையையும் போபர்ஸையும் முடிச்சுப் போடும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. இரண்டும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்தன என்பதைத் தாண்டி அவற்றில் எனக்கு எதுவும் தென்படவில்லை.

ஏப்ரலுக்கு வருவோம். செர்னோபில் அணு உலை வெடித்தது 26ஆம் தேதி, அது சோவியத் உக்ரைனில். ஆனால் ஸ்வீடன் பட்டியலில் 28ஆம் தேதிக்கு ஓர் இடம் வேண்டும். அன்று திங்கட்கிழமை காலை, ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே இருக்கும் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுச் சோதனைக் கருவி ஒரு ஊழியர் அதைக் கடக்கும்போது கத்தியது. பார்த்தால் அவர் காலணியின் அடியில் கதிரியக்கம். அவர் உலைப் பகுதிக்குள் போகவே இல்லை. தங்கள் நிலையத்தில்தான் கசிவு என்று நினைத்து ஆட்களை வெளியேற்றினார்கள். பிறகு நாட்டின் மற்ற இடங்களிலும் அளவு கூடியிருப்பது தெரிந்தது, கலந்திருந்த தனிமங்களையும் காற்று வந்த திசையையும் வைத்துச் சோவியத் பக்கம் கை காட்டினார்கள். ஸ்வீடன் கேட்ட பிறகு, அன்று மாலைதான் மாஸ்கோ சில வரிகளில் ஒப்புக்கொண்டது. 1,100 கிலோமீட்டர் தள்ளி நடந்த விபத்தை உலகத்துக்குச் சொன்னது ஒரு ஜோடி காலணி.

அந்தக் கதிரியக்க மேகம் வந்த நேரம் மழை பெய்த இடங்கள்தான் மாட்டிக்கொண்டன. யேவ்லே நகரைச் சுற்றிய பகுதி, வடக்கில் சாமி பழங்குடியினர் துருவமான் மேய்க்கும் சில பகுதிகள். துருவமான்கள் குளிர்காலத்தில் தின்பது தரையில் படரும் லைக்கன். அதற்கு வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். சீசியம்-137 என்ற கதிரியக்கத் தனிமம் அதன் வழியாக இறைச்சிக்கு வந்தது. கிலோவுக்கு 300 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று அரசு வரம்பு வைத்ததால் அந்தப் பருவத்தில் அறுத்த மான்களில் பெரும்பகுதியை உணவிலிருந்து ஒதுக்க வேண்டியதாயிற்று. 1987இல் வரம்பை 1,500 ஆக உயர்த்தினார்கள். மேய்ச்சலையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: மந்தை உயிரோடு நிற்கிறது, தின்ன முடியாது, விற்க முடியாது. அரசு இழப்பீடு கொடுத்தது. ஸ்வீடனில் இதனால் புற்றுநோய் கூடியதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கூடியிருந்தாலும் இயல்பாக வரும் எண்ணிக்கையிலிருந்து பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே இந்த வரியில் ‘இத்தனை பேர் பலி’ என்று எந்த எண்ணும் போடாதீர்கள்.

விளையாட்டைப் பொறுத்தவரை எனக்கு ஆர்வம் குறைவு, இரண்டு வரி போதும். மாஸ்கோவில் நடந்த உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் ஸ்வீடனுக்கு வெள்ளி, சோவியத் அணிக்குத் தங்கம். ஆண்டின் கடைசியில் மெல்போர்னில் டேவிஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள்.

கடைசியாக, மறைவுப் பட்டியலில் வெளிநாட்டவரைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த நாட்டில் இறந்து, அந்த மரணம் அந்த ஊரோடு ஒட்டிப்போயிருந்தால் நான் சேர்ப்பேன். மெட்டாலிகா இசைக்குழுவின் பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் அப்படித்தான். அமெரிக்கர், வயது 24. செப்டம்பர் 26 இரவு ஸ்டாக்ஹோமில் கச்சேரி முடிந்து கோபன்ஹேகனுக்குப் பேருந்தில் போகும்போது, 27ஆம் தேதி விடிகாலையில் தெற்கே டோராப் என்ற சிற்றூருக்கு அருகில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பர்ட்டன் ஜன்னல் வழியே தூக்கியெறியப்பட்டார், பேருந்து அவர் மேல் சாய்ந்தது. இறந்த இடத்துக்கு அருகில் 2006இல் நினைவுக்கல் நட்டார்கள். சாலையில் படிந்திருந்த பனிப்பூச்சுதான் காரணம் என்றார் ஓட்டுநர். குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு அந்தக் குளிரில் சாலையோடு நடந்து போய்த் தேடியும் பனியைப் பார்க்கவில்லை என்று பின்னால் பலமுறை சொன்னார். விசாரணையில் ஓட்டுநர் மேல் குற்றம் நிற்கவில்லை. உங்கள் பட்டியலில் ‘செப்டம்பர் 27: கிளிஃப் பர்ட்டன், பேருந்து விபத்து, டோராப் அருகே’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். பனியை அதில் சேர்க்க வேண்டாம்.